மாசியில் கறுக்கும் தலைகள்: பட்டுக்கோட்டைக் கடற்கரையில் கடற்காகங்களை இனங்காணும் சிக்கல்

பட்டுக்கோட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தென்னந்தோப்பும் கல்யாணசுந்தரமும்தான் நினைவுக்கு வரும். ஊருக்குத் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் கடல் இருக்கிறது என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. அதிராம்பட்டினத்துக் கடலும் அப்படியொன்றும் தன்னை அறிவித்துக்கொள்ளாது. அலையோசை கிடையாது; மணற்பரப்பு குறைவு; முழங்கால் ஆழச் சேற்றில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. கிழக்கே முத்துப்பேட்டைக் காயலும் அலையாத்திக் காடும், அதற்கப்பால் வேதாரண்யம் சதுப்பும் கோடியக்கரையும். மேற்கே சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா, மல்லிப்பட்டினம் துறைமுகம், சேதுபாவாசத்திரம். சுற்றுலாக்காரர்களை ஏமாற்றும் இந்தச் சேற்றுக் கரைதான் ஐப்பசி முதல் சித்திரை வரை கடற்காகங்களுக்கு வாழ்விடம்.

தமிழ்நாட்டில் கடற்காகம் எதுவும் கூடு கட்டுவதில்லை. வருவதெல்லாம் வலசைப் பறவைகள். வரும்போது ஒரு தோற்றம், போகும்போது வேறு தோற்றம். முதலாண்டுக் குஞ்சு ஒரு மாதிரி, முதிர்ந்தது இன்னொரு மாதிரி. பெரிய இனங்களில் குஞ்சு முதிர்ந்த தோற்றம் பெற நான்கு ஆண்டுகள் ஆகும், ஒவ்வோர் ஆண்டும் ஓர் உடை. ஆறேழு இனம் வரக்கூடிய கரையில் முப்பதுக்கும் மேற்பட்ட தோற்றங்கள் உலவுவது இதனால்தான். பறவை பார்ப்பவர்களில் பாதிப்பேர் கடற்காகக் கூட்டத்தைக் கண்டதும் தொலைநோக்கியை உள்ளான் பக்கம் திருப்பிக்கொள்வதில் வியப்பில்லை.

சிக்கலைப் பெரிதாக்குவது நம்முடைய கணக்கெடுப்புக் காலம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. எத்தனை பறவை என்று எண்ணுவதற்கு அது பொருத்தமான மாதம். வலசை வந்தவை ஓரிடத்தில் நிலைகொண்டிருக்கும். எந்தப் பறவை என்று சொல்வதற்கோ, கடற்காகங்களைப் பொறுத்தவரை, அதைவிட மோசமான மாதம் கிடையாது. தலைகள் எல்லாம் வெள்ளை, காதருகே ஒரு கரும்பொட்டு, சிவந்த அலகு. பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குத் தலையில் பழுப்பில்லை, கருந்தலைக் கடற்காகத்துக்குக் கறுப்பில்லை. தலையைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் அவற்றைக் கூடு கட்டும் பருவத்து உடையில் கண்டவர்கள். நமக்கு அந்த உடை கிடைப்பது மாசிக்குப் பின்னால் சில வாரங்கள் மட்டுமே. ஆகவே இந்தக் கரையில் கடற்காகம் பார்ப்பவர் முதலில் செய்ய வேண்டியது தலையை மறப்பது.

காரணம் இறகுதிர்ப்பின் ஒழுங்கில் இருக்கிறது. முதிர்ந்த கடற்காகம் ஆண்டுக்கு இருமுறை இறகு மாற்றும். கூடு கட்டும் காலம் முடிந்த கையோடு, ஆடி ஆவணியில், உடல், வால், இறக்கை என்று அனைத்தையும் மாற்றும். திரும்பிப் போகுமுன், மாசி பங்குனியில், தலையிலும் உடலிலும் உள்ள சிற்றிறகுகளை மட்டும் மாற்றும். பறக்க உதவும் நீண்ட இறகுகளைத் தொடாது. தலை ஆண்டுக்கு இருமுறை வேடம் மாறுகிறது, இறக்கை நுனி ஒரேயொரு முறை மட்டும். நம் கரைக்கு வந்து சேரும் நாள் முதல் கிளம்பும் நாள் வரை சிறிய இனங்களின் இறக்கை நுனி வடிவம் மாறாது. தேய்மானம் மட்டும் உண்டு. கறுப்பு நிறத்தைத் தரும் மெலனின் இறகை உறுதிப்படுத்துகிறது. அது இல்லாத வெண்பகுதி முதலில் தேயும். பெரிய இனங்களின் இறகு முனைகளில் ஐப்பசியில் தெளிவாகத் தெரிந்த வெண்முத்துக்கள் பங்குனியில் காணாமல் போவது அதனால்தான். உப்பளத்து வெயிலும் காற்றும் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றன.

இனி அந்த இரட்டையரைப் பார்க்கலாம். பழுப்புத்தலைக் கடற்காகம் நம் கரையில் பெரும்பான்மை. 41 முதல் 45 சென்டிமீட்டர் நீளம், தடித்த அலகு, முதிர்ந்ததற்கு வெளிறிய கண். திபெத், பாமிர் மேட்டுநில ஏரிகளில் கூடு கட்டுகிறது. லடாக்கில் 4,500 மீட்டருக்கு மேலுள்ள சோ மொரிரி போன்ற ஏரிகளிலும் உண்டு. கருந்தலைக் கடற்காகம் சற்றுச் சிறியது, அலகு மெலிந்தது, கண் கரியது; ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியா வரை பரவிக் கூடு கட்டுவது. தரையில் உட்கார்ந்திருக்கும்போது இந்த வேறுபாடுகளை நம்பி முடிவெடுப்பது கடினம். பறக்க விட வேண்டும். கருந்தலையின் இறக்கை முன்விளிம்பில் மணிக்கட்டிலிருந்து நுனிவரை அகன்ற வெள்ளைப் பட்டை ஓடும். கறுப்பு என்பது இறகுகளின் கடைசி முனையில் ஒரு மெல்லிய கரை. பழுப்புத்தலையின் நுனி அகன்ற கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் வெளிப்புற இறகுகள் இரண்டில் வெண்புள்ளிகள். கறுப்புக்கு உட்புறம் பெரிய வெண்திட்டு. கீழிருந்து பார்த்தாலும் பழுப்புத்தலையின் நுனி மையில் தோய்த்தது போலிருக்கும். ஒரு நொடி போதும், இரண்டையும் பிரித்துவிடலாம்.

முதலாண்டுப் பறவையில்தான் கை நடுங்கும். பழுப்புத்தலைக் குஞ்சுக்கு அந்த வெண்புள்ளிகள் கிடையாது, கண்ணும் கரியது. வால் நுனியில் கறுப்புப் பட்டை, இறக்கை மேல் பழுப்புக் கறை என்பவை இரண்டு இனத்துக் குஞ்சுக்கும் பொது. அப்போதும் நுனிக் கறுப்பின் அளவே துணை: பழுப்புத்தலைக் குஞ்சுக்கு வெளிப்புற இறகுகள் பெருமளவு கறுப்பு, கருந்தலைக் குஞ்சுக்கு அவற்றின் நடுவில் வெள்ளைக் கீற்று. இந்தச் சிறு இனங்கள் இரண்டாவது குளிர்காலத்திலேயே முதிர்ந்த உடைக்கு வந்துவிடும் என்பது ஆறுதல்.

எளிதாகச் சொல்லிவிட்டேன், கரையில் நின்றால் தெரியும் பாடு. அதிராம்பட்டினம் கரை தெற்கு நோக்கியது. மார்கழி தையில் சூரியனும் நாளெல்லாம் தெற்குச் சாய்வில். ஆகவே கரையில் நிற்பவருக்குப் பறவைகள் எப்போதும் வெளிச்சத்துக்கு முன்னால் நிழலுருவாகத்தான் தெரியும். போதாக்குறைக்கு வாடைக்காற்று. கடற்காகம் காற்றை எதிர்கொண்டு நிற்கும் பறவை. வாடை வீசும்போது முகத்தை நம் பக்கம் காட்டி, இறக்கை நுனியைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு நிற்கும். பங்குனியில் சோழகக் காற்று திரும்பியதும் முதுகைக் காட்டும். அதற்குள் தலை கறுத்து, முதுகைப் பார்க்கும் தேவையே போயிருக்கும். படகில் ஏறிக் கடல் பக்கமிருந்து பார்ப்பதும், முத்துப்பேட்டைக் காயலுக்குள் போவதும், மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் நிற்பதும் சிறந்த வழிகள். இந்தப் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் திங்கள், புதன், சனி என மூன்று நாள். மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகுகள் கரை திரும்பும் காலையில், கோழித்தீவனத்துக்குப் போகும் சங்காயம் என்னும் கழிவுமீனைக் கொட்டும் இடத்தைச் சுற்றிக் கடற்காகங்கள் கைக்கெட்டும் உயரத்தில் பறக்கும். இறக்கையை மேலும் கீழும் படமெடுக்க அதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தலை ஏன் கறுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நல்ல விடை கிடைத்தது கருந்தலைக் கடற்காகத்திடமிருந்து. நிக்கோ டின்பெர்கனும் மார்ட்டின் மொய்னிஹானும் 1952இல் எழுதிய கட்டுரை ஒன்று, இணைசேரும் காலத்தில் அவை செய்யும் ஒரு செய்கையை விவரித்தது. எதிரெதிரே வந்த ஆணும் பெண்ணும் சட்டென்று தலையைத் திருப்பி, கரிய முகத்தை மறைத்து, வெண்பிடரியைக் காட்டிக்கொள்ளும். கரிய முகம் மிரட்டல். கூடு இருக்கும் இடத்தைக் காக்க அது தேவை. இணையிடம் அதை மறைத்துக்கொள்வது சமாதானம். விலங்கு நடத்தை ஆய்வுக்காக டின்பெர்கன் 1973இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். குளிர்காலத்தில் காக்க வேண்டிய கூடு இல்லை, தோளோடு தோள் உரசி நிற்க வேண்டிய கூட்டம்தான் உண்டு. மிரட்டும் முகம் அப்போது உதவாது என்று இதைக்கொண்டு ஊகிக்கலாம். ஊகம்தான், ஆனால் பொருந்துகிறது.

அதைவிட வியப்பு, அந்தக் கருந்தலை முக்காடு நேரம் தவறாமல் இங்கேயே முளைப்பது. வடக்கே பகல் நீளும் வேகம் பறவைக்குப் பருவம் சொல்லும். பட்டுக்கோட்டை பத்தரைப் பாகை அகலக்கோட்டுக்குச் சற்றுக் கீழே. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். இருந்தும் தை கடைசியில் முதல் கரும்புள்ளிகள் காதருகிலிருந்து பரவத் தொடங்கிவிடும். வலசைப் பறவைகளுக்கு உள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது என்று ஜெர்மானிய ஆய்வாளர் எபர்ஹார்ட் குவின்னர், மாறாத வெளிச்சத்தில் பறவைகளை வளர்த்துக் காட்டியிருக்கிறார். டெல்டாவின் கணக்கில் சொன்னால்: சம்பா நடவு முடியும்போது வெண்தலையோடு வருகிறவை, அறுவடை முடிந்து தரிசில் உளுந்து நிற்கும்போது, உப்பளங்களில் பாத்தி கட்டி முதல் உப்பு வாரும்போது, தலை கறுத்துவிடுகின்றன.

மாசி நடுவில் பார்க்கும் கூட்டத்தில் எல்லா நிலைகளும் கிடைக்கும்: முகத்தில் சாம்பல் தூவியது போல் சில, பாதி முக்காடு சில, முழுமையாகச் சில. முழுமையானதும் பெயர்க்குழப்பம் புதிதாக வரும். கருந்தலையின் முக்காடு உண்மையில் அடர் சாக்லேட் பழுப்பு. பழுப்புத்தலையினுடையது வெளிறிய பழுப்பு, முகத்தருகே இன்னும் வெளிறி, கழுத்தோரத்தில் கருவிளிம்பு கட்டியது. வெயிலில் இரண்டும் பழுப்பாகவே தெரியும். விளிம்பைத் தேடினால் போதும்.

இந்த வரிசையில் முந்திக்கொள்வது பல்லாஸ் கடற்காகம். பழைய நூல்களில் பெருங்கருந்தலை. 60 சென்டிமீட்டரைத் தொடும் உடல், கனத்த நெற்றி, மஞ்சள் அலகில் கறுப்புப் பட்டையும் சிவப்பு நுனியும். காஸ்பியன் கரை முதல் மங்கோலியா வரை கூடு கட்டுவது. மற்றவற்றுக்குத் தலை வெண்மையாக இருக்கும் தை மாதத்திலேயே முதிர்ந்த பல்லாஸ் மைக்கறுப்பு முக்காட்டுக்குள் போய்விடும். ஆகவே ஜனவரிக் கணக்கெடுப்பில் முழுக் கருந்தலையோடு ஒரு பெரிய பறவை நின்றால் அது ஏறத்தாழ நிச்சயமாக இதுதான். தேதி இல்லாமல் இந்தத் துப்பு பயன்படாது. பங்குனியில் முக்காடிடும் எல்லாத் தலையும் கறுப்பு. இனங்காண்பதில் அலகு, கால், இறக்கை போலத் தேதியும் ஓர் உறுப்பு என்று நான் சொல்ல வருவது இதைத்தான். முக்காடு இல்லாத பருவத்தில் கண்ணைச் சுற்றிய கரிய நிழலும், அதன் நடுவே மேலும் கீழுமாக இரு வெண்பிறைகளும் பல்லாஸைக் காட்டிக்கொடுக்கும். நான்கு ஆண்டு முதிர்ச்சி என்பதால் இளையவை பல உருவில் வரும். சாம்பல் முதுகோடு அகன்ற கரிய வால்பட்டை உள்ள முதலாண்டுப் பறவை இங்கே அதிகம் குழப்புவது.

மெல்லலகுக் கடற்காகம் இந்த முக்காட்டு நாடகத்தில் சேராதது. எந்தப் பருவத்திலும் தலை வெள்ளைதான். குளிர்காலத்தில் வெண்தலைகளுக்கு நடுவே மறைந்திருந்தது, பங்குனியில் கருந்தலைகளுக்கு நடுவே தனித்துத் தெரியும். அப்போது நெஞ்சில் இளஞ்சிவப்புச் சாயலும் ஏறியிருக்கும். இறக்கை கருந்தலையுடையது மாதிரியே என்பதால் இங்கே மட்டும் இறக்கை நுனி கைவிடும். நீண்ட கழுத்து, சரிந்த நெற்றி, தூரத்தில் கறுப்பாகத் தெரியும் கருஞ்சிவப்பு அலகு ஆகியவற்றை நம்ப வேண்டும். கோடியக்கரைச் சதுப்பில் தேடினால் கிடைக்கும்.

பெரிய வெண்தலைக் கடற்காகங்களின் கதை வேறு. உலகப் பறவையியலே முடிச்சவிழ்க்கத் திணறிய இடம் இது. சலீம் அலி, ரிப்ளி காலத்து நூல்கள் இவற்றை ஹெரிங் கடற்காகம், சிறு கருமுதுகுக் கடற்காகம் என்ற இரண்டு தலைப்புகளுக்குள் அடக்கின. எர்ன்ஸ்ட் மயர் 1942இல் இவற்றை வைத்தே புகழ்பெற்ற ஒரு விளக்கம் தந்தார்: வட துருவத்தைச் சுற்றி வளையமாகப் பரவிய ஒரே இனம், அண்டை வகைகள் ஒன்றோடொன்று கலக்கும், வளையத்தின் இரு முனைகள் ஐரோப்பாவில் சந்திக்கும்போது மட்டும் கலக்காது. பாடநூல்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் இதைச் சொல்லித் தந்தன. 2004இல் டோரிட் லீபர்ஸ், பீட்டர் டி க்னிஃப், ஆண்ட்ரியாஸ் ஹெல்பிக் மரபணுக்களைச் சோதித்து, வளையம் அப்படி மூடவில்லை என்று காட்டினர். அழகான கதை ஒன்று போயிற்று. அதற்குப் பதிலாக வந்த பட்டியலோ ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

நம் கரைக்கு வருபவற்றில் ஹியூக்ளின் கடற்காகம் ரஷ்யாவின் வடதுருவ ஓரத்தில் கூடு கட்டுவது. ஸ்டெப்பி கடற்காகம் கசகஸ்தானின் வடக்கிலிருந்தும் தென்மேற்கு சைபீரியாவிலிருந்தும் வருவது. சில நூல்கள் இரண்டையும் தனி இனம் என்கின்றன. சில, சிறு கருமுதுகின் வகைகள் என்கின்றன. காஸ்பியன் கடற்காகமும் எப்போதாவது. முதுகின் சாம்பல் அடர்த்தி ஹியூக்ளினுக்கு அதிகம், ஸ்டெப்பிக்குக் குறைவு என்பது நூல் விதி. உப்பளத்துக் கண்கூசும் ஒளியில் எந்தச் சாம்பலையும் எந்த அடர்த்தியிலும் பார்க்கலாம் என்பது கள விதி. இங்கும் கைகொடுப்பது இறகுதிர்ப்பின் நேரம். சிறிய இனங்கள் புது இறக்கையோடு வந்து சேர்கின்றன. ஹியூக்ளின் தன் நீண்ட இறகுகளை மாற்றும் வேலையை வலசைப் பாதையில் நிறுத்திவைத்து இங்கே வந்து தொடர்கிறது. இறகுகள் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாக விழுந்து முளைப்பவை. ஆகவே தை மாதத்தில் பெரிய கடற்காகம் ஒன்றின் நுனியிறகுகள் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால், பிடரியிலும் பழுப்புக் கீற்றுகள் இருந்தால், ஹியூக்ளின் பக்கம் சாயலாம். தலை தூய வெள்ளையாகவும் இறக்கை முழுமையாகவும் இருந்தால் ஸ்டெப்பி அல்லது காஸ்பியன். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் பறவைகளைப் படத்தோடு பதிவுசெய்து, ‘பெரிய கடற்காகம், இனம் தெரியவில்லை’ என்று எழுதுவதுதான் நேர்மை.

இந்த அறிவெல்லாம் சேர்ந்த விதத்தில் நம் பக்கத்துக்கும் பங்குண்டு. பழுப்புத்தலைக் கடற்காகத்தை அறிவியலுக்கு முதலில் விவரித்தவர் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த டி. சி. ஜெர்டன், 1840இல், மெட்ராசில் வெளிவந்த இலக்கிய அறிவியல் இதழில். மாதிரி மேற்குக் கரையினுடையது. கடற்காகங்களின் இறகு மாற்றத்தை முழு உலகுக்குமாகத் தொகுத்தவர் நியூயார்க்கின் ஜோனதன் டுவைட், 1925இல். அது அருங்காட்சியக இழுப்பறையில் கிடந்த தோல்களைக் கொண்டு எழுதியது. களத்தில் நிற்பவருக்கு வயதுவாரியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது பி. ஜே. கிராண்ட் 1982இல் வெளியிட்ட நூல்; இனம் எது என்பதற்கு முன் வயது என்ன என்று கேட்கச் சொன்னது. மேற்கு ஐரோப்பாவுக்கு எழுதப்பட்டதென்றாலும் அந்த வரிசை நமக்கும் சரி. 2005இல் மரபணு ஆய்வுகளை ஒட்டி முக்காட்டுச் சிறு கடற்காகங்களும் பல்லாஸும் லாரஸ் என்ற பழைய பேரினத்திலிருந்து பிரிந்தன. பழைய புத்தகத்தோடு புதிய பட்டியலை ஒப்பிடுபவர்கள் திகைக்க வேண்டாம்.

இனம் தெரிவதால் யாருக்கு என்ன என்ற கேள்விக்கும் 2005இலேயே ஒரு விடை உண்டு. அந்த மே மாதம் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான பறவைகள் இறந்தன. பட்டைத்தலை வாத்துகளோடு பழுப்புத்தலைக் கடற்காகமும் பல்லாஸும் அவற்றில் அடக்கம். இரண்டும் நம் காயலில் குளிர்காலம் கழிக்கும் இனங்கள். எது வருகிறது, எப்போது வருகிறது, எப்போது போகிறது என்ற குறிப்பு ஊரில் இருப்பது நல்லது. ‘கடற்காகம் 400’ என்ற பதிவால் அதற்குப் பயனில்லை. 2002 முதல் ராம்சார் தளமாக இருக்கும் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வந்திருப்பதால் உள்ளான்களைப் பற்றி நமக்கு நல்ல பதிவுகள் உண்டு. கடற்காகத்தை வலையில் பிடிப்பது எளிதல்ல. அங்கே கண்ணும் கேமராவும்தான்.

ஆலாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. மீசை ஆலாக்கள் நடவு வயல்களுக்கு மேல் தாழப் பறந்து பூச்சி பிடிப்பதை டெல்டாவில் பார்க்காதவர் இல்லை. அவையும் குளிர்காலத்தில் கறுப்புத் தொப்பியை இழந்து, சித்திரையில் கருஞ்சாம்பல் வயிற்றோடு கிளம்புபவை. கடற்காகம் என்று அதிகம் ஏமாற்றுவது தடித்த அலகு ஆலாதான். குளிர்காலத்தில் வெண்தலை, கண்ணில் கரும்பட்டை. அலகும் காலும் கறுப்பு, வாலில் பிளவு என்பதைப் பார்த்தால் தீர்ந்தது.

சித்திரை பிறந்ததும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும், சங்காயம் இல்லை, முக்காடிட்டவை போய்விட்டன. பறவை பார்ப்பவர்களும் அதோடு கடையைக் கட்டிவிடுவார்கள். ஆனால் சில முதலாண்டுப் பறவைகள் வடக்கே போகாமல் தங்கிவிடும். கூடு கட்டும் வயது வராததால் அவசரமில்லை. நாட்டுப்படகு வந்து சேரும் இடங்களிலும் காயல் மேடுகளிலும் வெளுத்து நைந்த இறக்கையோடு நிற்கும் இவற்றைக் கிராண்டின் படங்களோடு ஒப்பிட்டால் எதனோடும் பொருந்தாது, ஏனென்றால் அந்தப் படங்களில் உப்பளத்து வெயில் இல்லை. வைகாசி ஆனியில் உட்புற நீள் இறகுகள் விழுந்து இறக்கை நடுவில் இடைவெளி தெரியத் தொடங்கும். எந்தத் தேதியில் எத்தனையாவது இறகு விழுந்திருந்தது என்று விரித்த இறக்கையின் படத்தோடு குறித்துவைத்தால், இந்த அகலக்கோட்டில் தங்கும் பறவைகளின் இறகுதிர்ப்பு வடக்கே போனவற்றைவிட எத்தனை வாரம் முந்துகிறது என்று கணக்கிடலாம். அதற்கு ஆழமற்ற கரையும் நடந்து போகத் துணியும் ஆளும் போதும், படகுகூட வேண்டாம்.